பட்டியல் போட்டு அழிக்கப்பட்ட இனம்

அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் உதுமானியப் பேரரசின் உள்துறை அமைச்சர் தலாத் பாஷா. அவர் கேட்டது ஒரு சின்ன உதவிதான். நியூயார்க் லைஃப் போன்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசி எடுத்திருந்த ஆர்மேனியர்களின் முழுப் பட்டியல் வேண்டுமாம். அவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள், வாரிசும் இல்லை, அதனால் பணம் அரசுக்குத்தான் வந்து சேர வேண்டும் என்பது அவர் வாதம். பட்டியல் தர முடியாது என்று சொல்லிவிட்டு மோர்கெந்தாவ் எழுந்து போய்விட்டார். 1918இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்திப்பை அவர் பதிவு செய்திருக்கிறார்.

கொன்றவனே செத்தவனின் இன்சூரன்ஸ் பணத்துக்கு மனுப் போடுகிறான்! முதல் உலகப் போரின்போது ஆர்மேனியர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி எத்தனையோ படுகொலை வர்ணனைகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும்விட இந்தக் கணக்குவழக்குதான் அதிகம் நடுங்க வைக்கிறது. மதவெறி என்றதும் கையில் கட்டையும் தீப்பந்தமுமாக ஓடிவரும் கும்பலைத்தான் நினைக்கிறோம். 1915இல் கும்பல் கடைசியாகத்தான் வந்தது. கோப்பு, தந்தி, சட்டப் பிரிவு, ரயில் வண்டி, சொத்துப் பதிவேடு எல்லாம் அதற்கு முன்பே தயாராகிவிட்டன.

விசுவாசமான சமூகம்

மரபுக் கணக்குப்படி கி.பி. 301இல் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்றது ஆர்மேனியா. உலகிலேயே அப்படிச் செய்த முதல் நாடு என்பது அவர்களின் பெருமை. 405இல் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் அவர்களுக்கென்று தனி எழுத்தை வகுத்துக் கொடுத்தார். பைசாந்தியம், பாரசீகம், அரேபியா, ரஷ்யா என்று எந்தப் பேரரசு வந்தாலும் நடுவில் மாட்டிக்கொள்வது அவர்களின் மலைநாடுதான். மதமும் எழுத்தும் அவர்களைக் கரையாமல் காத்தன. யார் ஆர்மேனியர் என்று பகைவன் எளிதில் அடையாளம் காணவும் அவையே வழிசெய்தன.

உதுமானிய ஆட்சியில் ஒவ்வொரு மதத்தாருக்கும் ஒரு மில்லத், அதாவது தனிச் சமூக அமைப்பு இருந்தது. வழிபாடு, திருமணம், பள்ளி ஆகியவற்றை அவரவர் சபை பார்த்துக்கொள்ளும். ஐரோப்பாவில் யூதர்களை விரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் சமத்துவம் கிடையாது. கிறிஸ்தவர் தலைவரி கட்ட வேண்டும், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, முஸ்லிமுக்கு எதிராக அவர் சொல்லும் சாட்சி நீதிமன்றத்தில் எடுபடாது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு அடங்கி நடந்தவரை ஆர்மேனியர்களுக்கு ‘விசுவாசமான சமூகம்’ என்ற பட்டம் கிடைத்தது. அரண்மனைக்குக் கட்டடம் எழுப்பிய பல்யான் குடும்பம், வங்கியாளர்கள், நகை வேலைக்காரர்கள், மருத்துவர்கள் எனத் தலைநகரில் அவர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். கிழக்கே வான், பித்லிஸ், எர்சுரூம் பக்கத்து விவசாயியின் பாடு வேறு. அரசுக்கு ஒரு வரி, குர்தியக் குலத்தலைவனுக்கு இன்னொரு வரி.

1839இலும் 1856இலும் சுல்தான்கள் ஆணை பிறப்பித்தார்கள்: இனி எல்லா மதத்தாரும் சமம். விபரீதம் அங்கேதான் தொடங்கியது. நேற்றுவரை கீழே இருந்தவன் இன்று காகிதத்திலாவது சமமாகிவிட்டான் என்பதைச் சகிக்க முடியாத மனநிலை ஊர் ஊராகப் பரவியது. சகிப்பின்மை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. கீழே கிடப்பவனை யாரும் வெறுப்பதில்லை. அவன் எழுந்து நிற்கத் தொடங்கும்போதுதான் வெறுப்பு வருகிறது.

1894இல் சாசூன் மலைக்கிராமங்கள் இரட்டை வரி கட்ட மறுத்தன. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தன் பெயரிலேயே அமைத்திருந்த ஹமீதியே குதிரைப்படையும் ராணுவமும் பதில் சொல்லப் போயின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அனத்தோலியா முழுக்கப் படுகொலைகள் நடந்தன. இறந்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்கின்றன மதிப்பீடுகள். 1895 டிசம்பரில் உர்ஃபா நகரத்தின் பேராலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 3,000 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். ஐரோப்பிய அரசுகள் கண்டன அறிக்கை விட்டன. அப்போதும் அவர்களிடம் இருந்த ஆயுதம் அதுதான்.

கட்டித் தழுவியவர்கள்

1908இல் இளம் துருக்கியர்கள் என்ற அரசியல் இயக்கத்தினர் புரட்சி செய்து அரசியல் சட்டத்தை மீட்டார்கள். தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் தெருக்களில் முஸ்லிம்களும் ஆர்மேனியர்களும் கிரேக்கர்களும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இமாமும் பாதிரியாரும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். ஏழே வருடத்தில் அதே இளம் துருக்கியர்களின் அரசுதான் ஆர்மேனியர்களை அழித்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் நடந்தவற்றைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்.

1909இல் அதானாவில் சுமார் 20,000 ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள். 1912-13 பால்கன் போர்களில் பேரரசு தன் ஐரோப்பிய நிலங்களை ஏறக்குறைய முழுதும் இழந்தது. அங்கிருந்து கொலைக்கும் கொள்ளைக்கும் தப்பிய லட்சக்கணக்கான முஸ்லிம் அகதிகள் அனத்தோலியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களின் துயரமும் உண்மையானதுதான். ஆனால் அந்தத் துயரத்தை ஆட்சியாளர்கள் எரிபொருளாக்கிக்கொண்டார்கள். கிறிஸ்தவன் இருந்தால் நாடு உடையும் என்ற எண்ணம் கொள்கையாகவே மாறியது. 1913 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அதிகாரம் தலாத், என்வர், ஜெமால் என்ற மூவர் கைக்கு வந்தது.

இவர்கள் பக்திமான்கள் இல்லை. ஐரோப்பிய நூல்களைப் படித்து, அறிவியலை நம்பி, மதத்தைப் பழமை என்று எள்ளியவர்கள் அந்த வட்டத்தில் நிறையப் பேர். இனஅழிப்பின் முக்கியச் செயல்வீரர்களான பஹாயெத்தின் ஷாகிர், நாஸிம், தியார்பக்கிர் ஆளுநர் ரெஷீத் மூவருமே மருத்துவர்கள். ஆனாலும் 1914 நவம்பரில் உலகப் போருக்குள் குதித்தபோது அவர்களுக்கு மதம் தேவைப்பட்டது. தலைமை மதகுரு ஷேகுல் இஸ்லாம் பெயரில் புனிதப் போர் அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் கூட்டாளிகளாக நின்றவை ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். கிறிஸ்தவப் பேரரசுகளோடு தோள் சேர்ந்து கிறிஸ்தவர்கள்மீது புனிதப் போர்! இந்த முரணைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. தொலைதூரக் கிராமத்தில் இருக்கும் ஒருவனை அடுத்த வீட்டுக்காரன்மேல் ஏவிவிட அந்த அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் சாரிகமிஷ் மலைகளில் ரஷ்யாவை எதிர்த்து என்வர் நடத்திய படையெடுப்பு பனியில் புதைந்தது. பல்லாயிரம் துருக்கிய வீரர்கள் குளிரில் விறைத்தே செத்தார்கள். தளபதியின் தவறுக்கு ஒரு பலியாடு வேண்டும். ஆர்மேனியர்கள் ரஷ்யாவுக்குத் துணைபோனார்கள் என்ற பழி கிளம்பியது. உதுமானிய ராணுவத்தில் இருந்த ஆர்மேனியச் சிப்பாய்களின் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. சாலை போடவும் மூட்டை தூக்கவும் அனுப்பப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் இளைஞர்கள் முதலில் நிராயுதபாணிகளாகி, பிறகு இல்லாமலே போனார்கள்.

ஏப்ரல் 24

1915 ஏப்ரல் 24 இரவு, கான்ஸ்டான்டிநோபிளில் போலீஸ் கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போனது. கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள் என இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டு உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. கவிஞர்கள் டேனியல் வருஷானும் சியாமந்தோவும் கொல்லப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் சிறுகதை எழுத்தாளருமான கிரிகோர் ஸொஹ்ராப் ஆட்சியாளர்களோடு நெருங்கிப் பழகியவர், தலாத்துக்கே நண்பர். தன்னைத் தொட மாட்டார்கள் என்று நம்பினார். சில வாரங்களுக்குப் பிறகு அவரையும் பிடித்து, உர்ஃபா அருகே கொன்றார்கள். ஊர் ஊராக அலைந்து ஆர்மேனிய நாட்டுப் பாடல்களைத் திரட்டிய இசைஞர் கொமிதாஸ் பாதிரியார் உயிரோடு திரும்பி வந்தார். ஆனால் மனம் சிதைந்துபோனது. 1935இல் பாரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் அவர் இறந்தார்.

மே 27இல் இடப்பெயர்வுச் சட்டம் வந்தது. படித்துப் பார்த்தால் அதில் ‘ஆர்மேனியர்’ என்ற சொல்லே இல்லை. பாதுகாப்புக்கு ஆபத்தானவர்களை இடம் மாற்றும் அதிகாரம் மட்டுமே பேசப்படுகிறது. அதன்பின் நடந்தது எங்கும் ஒரே மாதிரிதான். ஊரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆண்களைத் தனியே கூட்டிப்போய் ஊருக்கு வெளியே கொல்வார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வேண்டும். வழியில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட கைதிகளைக் கொண்ட ‘சிறப்பு அமைப்பு’ என்ற ரகசியப் படை காத்திருக்கும். கருங்கடல் ஓரம் திரெபிசோந்தில் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தார்கள். மேற்குப் பகுதி மக்களைப் பாக்தாத் ரயில் பாதையில் ஆட்டு மாட்டு வேகன்களில் அடைத்து அனுப்பினார்கள். சாகப் போகிறவர்களிடமே டிக்கெட் காசும் வாங்கினார்கள்.

ஹார்புத்தில் அமெரிக்கத் துணைத்தூதராக இருந்த லெஸ்லி டேவிஸ், கோல்ஜுக் ஏரியைச் சுற்றிக் குதிரையில் போய்ப் பார்த்தார். கரையெங்கும் ஆயிரமாயிரம் பிணங்கள். அந்த மாகாணத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கசாப்புக்கூட மாகாணம்’. தூதரகக் கட்டடத்துக்குள் பல பத்துப் பேரை அவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். ஜெர்மானிய ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த ஆர்மின் வெக்னர், தடையை மீறி அகதி முகாம்களைப் படமெடுத்தார். இன்று உலகம் பார்க்கும் படங்களில் பல அவர் எடுத்தவை. நடந்தே பாலைவனம் சேர்ந்தவர்களுக்கும் மீட்சியில்லை. 1916இல் யூப்ரட்டீஸ் கரையில் டெய்ர் அஸ்-ஸோர் பகுதியில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

மொத்தம் எத்தனை பேர்? 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. ஆர்மேனியர்கள் 15 லட்சம் என்கிறார்கள். பல வரலாற்றாளர்கள் 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறார்கள். இதே ஆண்டுகளில் அசிரியக் கிறிஸ்தவர்களும் பெருமளவில் அழிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அந்த அளவுக்கு நினைவுச் சின்னம்கூட இல்லை.

உதுமானியப் பேரரசின் வாரிசான துருக்கி அரசின் வாதம் இன்றும் இதுதான்: போர்க்காலம், ஆர்மேனியர்கள் ரஷ்யாவோடு சேர்ந்து கிளர்ந்தார்கள், இரு தரப்பிலும் மக்கள் இறந்தார்கள், இது இனஅழிப்பு அல்ல. ரஷ்யப் படையில் ஆர்மேனியத் தன்னார்வலர்கள் இருந்தது உண்மை. வான் நகரில் ஆர்மேனியர்கள் ஆயுதம் எடுத்ததும் உண்மை. ஆனால் போர்முனையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில், அங்காராவில் துருக்கி மொழியே பேசி வாழ்ந்த ஆர்மேனியக் கத்தோலிக்கர்களை எந்தப் பாதுகாப்புக்காக அனுப்பினார்கள்? கைக்குழந்தை எந்த ரஷ்யனுக்கு உளவு சொன்னது? இந்தக் கேள்விகளுக்கு அந்த வாதத்தில் பதிலே இல்லை.

மதம் எங்கே இருந்தது?

1890களில் மதம் மாறினால் பல இடங்களில் உயிர் பிழைக்கலாம். 1915இல் அதுவும் உறுதியில்லை. பல ஊர்களில் மொத்தமாக மதம் மாறியவர்களையும் அனுப்பிவிட உள்துறையிலிருந்து தந்தி வந்தது. தலாத்துக்கு வேண்டியது அவர்களின் ஆன்மா அல்ல, அவர்கள் இல்லாத நிலம். சிறு பிள்ளைகளுக்கும் இளம்பெண்களுக்கும் மட்டும் கணக்கு வேறாக இருந்தது. பல்லாயிரம் பேர் பெயரும் மதமும் மாற்றப்பட்டு முஸ்லிம் வீடுகளுக்குள் போனார்கள். துருக்கிய வழக்கறிஞர் ஃபெத்தியே செத்தின், தன் பாட்டி செஹெர் உண்மையில் ஹெரானுஷ் என்ற ஆர்மேனியப் பெண் என்று வளர்ந்த பிறகே அறிந்தார். 2004இல் அதைப் புத்தகமாக எழுதினார். அதன்பிறகு துருக்கியில் எத்தனையோ பேரக்குழந்தைகள் தங்கள் பாட்டிமார் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆக, மதம் இங்கே அடையாள அட்டையாகத்தான் பயன்பட்டது. யாரைக் கொல்வது என்று அது காட்டிக் கொடுத்தது. கொல்பவனுக்கு மனசாட்சி உறுத்தாமலும் பார்த்துக்கொண்டது. அதே மதம் சிலரை எதிர்ப்பக்கம் நிற்கவும் வைத்தது. இதைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த ஆர்மேனியக் கட்டுரையும் இன்னொரு வெறுப்புக்குத்தான் தீனி போடும்.

அலெப்போ ஆளுநர் ஜெலால் பே, நாடுகடத்தும் உத்தரவை நிறைவேற்ற மறுத்தார். கோன்யாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் தன்னால் முடிந்தவரை தடுத்தார். கடைசியில் பதவியே போனது. குதாஹியாவில் கவிஞரும் அதிகாரியுமான ஃபாயிக் அலி பே தன் பகுதி ஆர்மேனியர்களைக் காப்பாற்றினார். லீஜே வட்ட அதிகாரி ஹுசெயின் நெசிமி உத்தரவுக்குப் பணியாததால் தியார்பக்கிருக்கு வரச்சொல்லி வழியிலேயே கொல்லப்பட்டார். தெர்சிம் மலைக் குர்துகள் ஆயிரக்கணக்கானோரை ரஷ்ய எல்லைக்குக் கடத்திவிட்டார்கள். மெக்காவின் ஷரீஃப் ஹுசேன், ஆர்மேனியர்களைத் தங்கள் சொந்தப் பிள்ளைகளைப் போலக் காக்கும்படி அரபுத் தலைவர்களுக்கு ஆணை அனுப்பினார். அரசு சொன்னால் செய்யத்தானே வேண்டும் என்று பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்ன அதிகாரிகளுக்கு இவர்களே பதில்.

மறுத்தவர்கள் கொஞ்சம், ஆதாயம் அடைந்தவர்கள் ஏராளம். போனவர்களின் வீடு, கடை, நிலம், ஆடு, தையல் இயந்திரம் வரை கணக்கெடுக்க ‘கைவிடப்பட்ட சொத்து’ ஆணையங்கள் அமைந்தன. இளம் துருக்கியர் இயக்கத்தின் மூத்தவரான அஹ்மத் ரிஸா, செனட்டில் எழுந்து இது கொள்ளை என்று எதிர்த்தார். உரிமையாளர்களை விரட்டிவிட்டு அவர்கள் விட்டுப்போனார்கள் என்பது எப்படிச் சட்டமாகும் என்று கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் துருக்கிக் குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கிய அங்காராவின் சான்கயா இல்லம், அங்கிருந்து விரட்டப்பட்ட கசபியான் என்ற ஆர்மேனியக் குடும்பத்தின் தோட்ட வீடு. உண்மையை ஒப்புக்கொண்டால் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் கேள்விக்குள்ளாகும் என்று யோசித்தால், நூறாண்டு மறுப்புக்கான காரணத்தில் பாதி புரியும்.

மறதிக்கு எதிராக

போரில் தோற்றதும் 1919இல் கான்ஸ்டான்டிநோபிளிலேயே விசாரணை நடந்தது. ஜெர்மனிக்கு ஓடிவிட்ட தலாத்துக்கு அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. சொந்த நாட்டு நீதிமன்றம், சொந்த நாட்டு ஆவணங்களை வைத்து வழங்கிய தீர்ப்பு அது. ஆனால் அதை நிறைவேற்ற யாருமில்லை. 1921 மார்ச் 15இல், பெர்லின் தெருவொன்றில் சொகொமொன் தெஹ்லிரியான் என்ற ஆர்மேனிய இளைஞர் தலாத்தைச் சுட்டுக் கொன்றார். அந்த ஜூனில் ஜெர்மன் நடுவர் மன்றம் அவரை விடுதலை செய்தது. போரில் வென்ற நாடுகள் துருக்கியோடு செய்துகொண்ட 1923 லொசான் ஒப்பந்தத்தில் ஆர்மேனியர் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெஹ்லிரியான் வழக்கைப் பத்திரிகையில் படித்த ராஃபேல் லெம்கின் என்ற யூத மாணவர், தலாத்தை ஏன் எந்த நாடும் கைது செய்யவில்லை என்று தன் பேராசிரியரிடம் கேட்டார். சொந்தக் கோழிகளை ஒருவன் அறுத்தால் அது அவன் விஷயம், தலையிட யாருக்கும் உரிமையில்லை என்றார் பேராசிரியர். நாடுகளின் இறையாண்மைக்கு அன்றைய சட்டம் தந்த விளக்கம் அவ்வளவுதான். அந்தப் பதில் லெம்கினை விடவில்லை. 1944இல் ‘இனஅழிப்பு’ என்ற குற்றத்துக்கு அவரே பெயர் சூட்டினார். அதற்குள் ஹிட்லரின் ஆட்சி அவர் குடும்பத்தினரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. 1948 டிசம்பர் 9இல் ஐ.நா.வின் இனஅழிப்புத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது.

துருக்கிக்குள் பேசியவர்கள் விலை கொடுத்தார்கள். இஸ்தான்புல்லிலிருந்து வரும் ‘ஆகோஸ்’ வார இதழின் ஆசிரியர் ஹ்ராந்த் டிங்க், துருக்கியரும் ஆர்மேனியரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஓயாமல் எழுதியவர். துருக்கியத்தன்மையை அவமதித்தார் என்று 301ஆவது சட்டப் பிரிவின்கீழ் 2005இல் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். 2007 ஜனவரி 19இல் அலுவலக வாசலிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். இறுதி ஊர்வலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தாங்கள் எல்லோரும் ஆர்மேனியர்களே என்ற பதாகையோடு நடந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் துருக்கியர்கள், முஸ்லிம்கள். கொலை மிரட்டல் தெரிந்திருந்தும் அரசு அவரைப் பாதுகாக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

2023 செப்டம்பரில், ஆர்மேனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கராபாக்கை அசர்பைஜான் ராணுவம் கைப்பற்றியது. ஒரு வாரத்துக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன் அதே பகுதியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் லட்சக்கணக்கான அசர்பைஜானியர்கள் விரட்டப்பட்டதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட இனம் என்பது யாருக்கும் நிரந்தர நற்சான்றிதழ் கிடையாது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சென்னை பாரிமுனைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆர்மேனியன் தெருவில், பழைய பேச்சில் அரண்மனைக்காரத் தெருவில், 1772இல் கட்டப்பட்ட கன்னி மரியாள் ஆலயம் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது முதல் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தில் 1726இல் கட்டியவர் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். இன்று அந்த இடத்தில் நிற்பது மறைமலை அடிகள் பாலம். பரங்கிமலை ஏறும் படிகளும் அவர் கொடைதான். ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற வணிகர் இங்கே அச்சகம் வைத்து, இன்னும் பிறக்காத சுதந்திர ஆர்மேனியாவுக்கு 521 பிரிவுகள் கொண்ட அரசியல் சட்டத்தையே அச்சிட்டார். உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தாரர்’ 1794இல் வெளிவந்ததும் மதராஸிலிருந்துதான். அதன் ஆசிரியர் ஹருத்யூன் ஷ்மவோனியான் பாதிரியார் இந்த ஆலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர்கள் இங்கே வேற்று மதத்தாராக, வேற்று மொழிக்காரராக வந்து, யாரும் பட்டியல் கேட்காத நகரத்தில் வாழ்ந்தார்கள்.

பிரான்ஸ் 2001இல், ஜெர்மனி 2016இல், அமெரிக்கா 2021இல் என இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதை இனஅழிப்பு என்று ஏற்றிருக்கின்றன. இந்தியா ஆர்மேனியாவுக்குப் பினாகா ராக்கெட்டுகளை விற்கிறது. 1915இல் நடந்தது இனஅழிப்பு என்று மட்டும் இன்றுவரை முறைப்படி சொல்லவில்லை. ஆர்மேனியர்களின் முதல் பத்திரிகையை அச்சடித்த நாடு இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும், அதைக் கொண்டுவர நம் உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.